ஊர்ப்பணிக்கு ஒரு விருது

பாட அறிமுகம்

மாணவர்களே! விருது என்றதும் கவிஞர், அறிவியலார், விளையாட்டு வீரர் ஆகியோரே நம் நினைவிற்கு வருவர். நூலகத்திற்கும் அருங்காட்சியகத்திற்கும் விருது உண்டு என்பதைப் பலர் அறியார். அவ்விருதுகள் அழகிய கட்டடத்திற்காகவோ அரிய பொருள்களின் எண்ணிக்கைக்காகவோ மட்டும் தரப்படுவன அல்ல. அந்நிறுவனம் தன்னைச் சுற்றி வாழும் மக்களுக்கு எவ்வாறு பயன்பட்டது என்பதை நோக்கியே அவற்றுட் பல தரப்படுகின்றன. நாம் வாழும் கொச்சியையும் அதன் பழைய வணிகப் பகுதியாகிய மட்டாஞ்சேரியையும் மையமாகக் கொண்டு இச்செய்தியை விளக்குவதே இப்பாடம்.

1. விருதின் அளவுகோல்

ஒரு மாளிகையில் பத்தாயிரம் நூல்கள் அடுக்கப்பட்டுள்ளன என்று கொள்வோம். அவற்றை எடுத்துப் படிப்பவர் ஒருவரும் இல்லை. வேறோர் ஊரில் ஓட்டுக் கூரையின் கீழ் ஆயிரம் நூல்களே உள்ளன. ஆயினும் மாலையில் அங்கே சிறுவர் கூடுகின்றனர். மீன்பிடி தொழிலாளர் செய்தித்தாள் படிக்கின்றனர். தேர்வுக்கு ஆயத்தமாகும் இளைஞர்க்கு அமர்ந்து படிக்க அமைதியான இடம் கிடைக்கிறது. இவ்விரண்டனுள் எது சிறந்த நூலகம்? இவ்வினாவிற்கு நாம் தரும் விடையே விருதின் அளவுகோலாகும்.

தமிழ்நாட்டின் சீர்காழியில் 1892-ஆம் ஆண்டு பிறந்த சீ. இரா. அரங்கநாதன் இவ்வினாவிற்கு முன்பே விடை கண்டவர். அவர் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். 1931-இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். நூல் என்பது பூட்டி வைத்தற்கு உரியதன்று, பயன்படுத்துதற்கு உரியது என்பதே அவ்விதிகளின் அடிப்படைக் கருத்து. ஒவ்வொரு படிப்பாளருக்கும் அவருக்கு வேண்டிய நூல் கிடைத்தல் வேண்டும். படிப்பாளரின் காலம் வீணாகாமல் காத்தல் வேண்டும். நூலகம் ஓர் உயிர்போல வளர்தல் வேண்டும் என்னும் கருத்துகளும் அவற்றுள் அடங்கும். அதே 1931-ஆம் ஆண்டில் மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றி ஊர்ஊராகக் கொண்டு செல்லும் நடமாடும் நூலகம் தொடங்கப்பட்டது. நூலகத்தைத் தேடி மக்கள் வர இயலாதபோது, மக்களைத் தேடி நூலகம் செல்லுதல் வேண்டும் என்னும் எண்ணத்தின் செயல்வடிவம் அது.

அருங்காட்சியகங்களுக்கும் இவ்வளவுகோல் பொருந்தும். உலக அருங்காட்சியக மன்றம் 2022-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பிராக் நகரில் கூடி, அருங்காட்சியகம் என்னும் சொல்லுக்குப் புதிய வரையறை ஒன்றை ஏற்றுக்கொண்டது. பொருள்களைத் திரட்டுதல், பாதுகாத்தல், ஆராய்தல், காட்சிப்படுத்துதல் ஆகியவற்றோடு அவ்வரையறை நிற்கவில்லை. அருங்காட்சியகம் சமுதாயத்திற்குப் பணிபுரியும் நிலையான அமைப்பு என்றும், அது அனைவருக்கும் திறந்திருத்தல் வேண்டும் என்றும், மக்களின் பங்கேற்போடு இயங்குதல் வேண்டும் என்றும் அது கூறுகிறது.

2. பிற நாடுகளில்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் அருங்காட்சியக, நூலகப் பணிக்கான தேசியப் பதக்கம் என்னும் விருது உள்ளது. 1994-இல் அருங்காட்சியகங்களுக்கெனத் தொடங்கிய இவ்விருது, பின்னர் நூலகங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. ஊர்மக்களுக்கு ஆற்றிய தொண்டே இதற்குரிய தகுதி. பெருநகரத்துப் புகழ்மிக்க நிறுவனமும் சிற்றூர் நூலகமும் ஒரே விருதிற்குப் போட்டியிடலாம். பொதுமக்களுள் யாரும் ஒரு நிறுவனத்தைப் பரிந்துரைக்கலாம். விருது வழங்கும் விழாவிற்கு நிறுவனத்தின் தலைவரோடு, அந்நிறுவனத்தால் பயன்பெற்ற ஊரார் ஒருவரும் வருவது இதன் சிறப்பு. ஒரு நூலகத்தின் பெருமையை அதன் அலுவலர் சொல்வதைக் காட்டிலும் அதனால் வாழ்வு மாறிய ஒருவர் சொல்வதே பொருந்தும் அன்றோ?

ஐரோப்பாவில் கென்னத் அட்சன் என்பவர் 1977-இல் ஆண்டின் சிறந்த ஐரோப்பிய அருங்காட்சியகம் என்னும் விருதைத் தோற்றுவித்தார். வெற்றிபெறும் அருங்காட்சியகம், புகழ்பெற்ற சிற்பி என்றி மூர் படைத்த வெண்கலச் சிற்பத்தை ஓராண்டுக் காலம் தன்னிடத்தே வைத்துக்கொள்ளும். அடுத்த ஆண்டு அச்சிற்பம் அடுத்த வெற்றியாளரைச் சென்றடையும். விருது ஒருவருக்கே உரிமையாகத் தங்கிவிடாமல் கைமாறிச் செல்வது நல்லதொரு மரபாகும்.

3. கேரளம் பெற்ற உலக விருது

ஊர்ப்பணிக்காக உலக அரங்கில் பாராட்டப்பட்ட நூலக இயக்கம் நாம் வாழும் கேரளத்திலேயே உள்ளது. அதன் வரலாறு ஓர் இளைஞரிடமிருந்து தொடங்குகிறது.

பி. என். பணிக்கர் 1909-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முதல் நாள் நீலம்பேரூர் என்னும் சிற்றூரில் பிறந்தார். ஆசிரியராகப் பணியாற்றிய அவர், 1926-இல் தம் பதினேழாம் வயதில் சொந்த ஊரில் சனாதன தர்ம வாசகசாலை என்னும் நூல்நிலையத்தைத் தொடங்கினார். அக்காலத்தில் செய்தித்தாள் வாங்கும் வசதியும் அதனைப் படிக்கும் திறனும் மிகச் சிலரிடமே இருந்தன. எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிக்க, ஏனையோர் சூழ்ந்திருந்து கேட்பது வாசகசாலைகளில் வழக்கமாக இருந்தது. நூலகம் படித்தவர்க்கு மட்டும் உரியதன்று, படிக்க விரும்புவோர்க்கும் உரியது என்னும் எண்ணம் அங்கு வேரூன்றியது.

தனித்தனியே இயங்கிய நூல்நிலையங்கள் பணமின்மையால் நலிவுறுவதைப் பணிக்கர் கண்டார். அவற்றை ஒன்றிணைக்க முனைந்தார். 1945-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் நாள் அம்பலப்புழையில் 47 நூல்நிலையங்களின் பேராளர்கள் கூடினர். திருவிதாங்கூர் கிரந்தசாலைச் சங்கம் பிறந்தது. அக்கூட்டத்தைத் தொடங்கி வைத்தவர் அந்நாளைய திவான் சி. பி. இராமசாமி ஐயர். அரசு திங்கள்தோறும் 250 ரூபாய் நல்கியது. 1956-இல் கேரள மாநிலம் உருவான பின்னர் இச்சங்கம் கேரள கிரந்தசாலைச் சங்கமாக விரிந்தது. பணிக்கர் 1977 வரை 32 ஆண்டுகள் அதன் செயலாளராக இருந்து ஊர்தோறும் சென்றார். ஏறத்தாழ ஆறாயிரம் நூல்நிலையங்கள் அதன் குடைக்கீழ் வந்தன. 1972-இல் காசர்கோட்டிலிருந்து திருவனந்தபுரம் வரை பண்பாட்டு நடைப்பயணம் ஒன்றையும் அவர் நடத்தினார். படித்து வளருங்கள், சிந்தித்து அறிவு பெறுங்கள் என்பதே அப்பயணத்தின் முழக்கம்.

இத்தொண்டிற்காக 1975-ஆம் ஆண்டு யுனெசுகோ நிறுவனத்தின் குரூப்சுகாயா விருது இச்சங்கத்திற்கு வழங்கப்பட்டது. நதேழ்தா குரூப்சுகாயா சோவியத்து நாட்டின் கல்வியாளர். முதியோர் கல்விக்கும் நூலகங்களுக்கும் உழைத்தவர். அவர் பெயரால் எழுத்தறிவுப் பணிக்கென அமைந்த பன்னாட்டு விருது அது. இங்கு நாம் கூர்ந்து நோக்க வேண்டுவது ஒன்று. விருது நூல்களின் எண்ணிக்கைக்காகத் தரப்படவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவரை எழுத்தின்பால் அழைத்து வந்த பணிக்காகவே தரப்பட்டது.

அப்பணியின் பயன் பின்னர் இன்னும் தெளிவாக விளங்கிற்று. மட்டாஞ்சேரி அடங்கிய எறணாகுளம் மாவட்டத்தில் 1989-இல் முழு எழுத்தறிவு இயக்கம் தொடங்கப்பட்டது. மாவட்ட நிருவாகமும் கேரள சாத்திர சாகித்திய பரிசத்தும் தொண்டர்களும் கைகோத்தனர். 1990-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் எறணாகுளம் இந்தியாவின் முதல் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள் கேரளம் முழுவதும் அந்நிலையை எய்தியது. கோழிக்கோட்டில் நிகழ்ந்த விழாவில் அவ்வறிவிப்பைச் செய்தவர், அவ்வியக்கத்தால் எழுதப் படிக்கக் கற்ற சேலக்கோடன் ஆயிசா என்னும் மூதாட்டியே ஆவார்.

பணிக்கர் 1995-ஆம் ஆண்டு சூன் 19-ஆம் நாள் மறைந்தார். மறு ஆண்டு முதல் அந்நாள் கேரளத்தில் வாசிப்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது. 2017-இல் அவ்விழாவின் தேசியத் தொடக்கம் கொச்சியிலேயே நிகழ்ந்தது. உங்கள் பள்ளியில் சூன் திங்களில் நடைபெறும் வாசிப்பு விழாவின் பின்னணி இதுவே.

4. விருதிற்கும் அடித்தளம் வேண்டும்

தொண்டுள்ளம் மட்டும் ஒரு நூலகத்தை நெடுநாள் காத்துவிடாது. கூரை ஒழுகினால் ஓடு மாற்ற வேண்டும். மின்கட்டணம் செலுத்த வேண்டும். நூலகருக்கு ஊதியம் தர வேண்டும். புதிய நூல்கள் வாங்க வேண்டும். இச்செலவிற்கு நிலையான வழி செய்வது சட்டம்.

அரங்கநாதனின் முயற்சியால் 1948-இல் சென்னைப் பொதுநூலகச் சட்டம் இயற்றப்பட்டது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொதுநூலகச் சட்டம் அதுவே. அச்சட்டத்தின்படி இன்றும் தமிழ்நாட்டில் சொத்து வரியாகச் செலுத்தும் ஒவ்வொரு ரூபாயோடும் பத்துக் காசு நூலக வரியாகப் பெறப்படுகிறது. கேரளத்தில் 1989-ஆம் ஆண்டுச் சட்டம் மாநில நூலக மன்றத்தை உருவாக்கியது. இங்கும் கட்டட வரியோடு நூலகங்களுக்கென ஒரு பங்கு பெறப்படுகிறது. இதன் பொருள் யாது? வீடு உடையவர் ஒவ்வொருவரும், தாம் நூலகத்தில் கால்வைத்ததே இல்லை எனினும், அதற்குப் பொருள் தருகின்றனர். ஆகவே நூலகம் அவ்வூரார் அனைவருக்கும் கடமைப்பட்டது. நூலகத்தின் பணியை அளந்து பார்க்கும் உரிமையும் ஊரார்க்கு உண்டு.

கேரள நூலக மன்றம் தன்னோடு இணைந்த நூல்நிலையங்களைத் தரம் பிரிக்கிறது. நூல்களின் எண்ணிக்கையோடு அவற்றின் பயன்பாடும் நூல்நிலையம் நடத்தும் நிகழ்ச்சிகளும் நோக்கப்படுகின்றன. தரத்திற்கேற்ப ஆண்டு உதவித்தொகை அமைகிறது. சிறந்த நூல்நிலையங்களுக்கு விருதுகளும் உண்டு. அவற்றுள் ஒன்று மாநிலத்தின் முதல் முதலமைச்சர் ஈ. எம். எசு. நம்பூதிரிபாடு பெயரால் அமைந்துள்ளது. இந்திய அளவில் 1972-இல் கொல்கத்தாவில் தோன்றிய இராசா இராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளை மாநிலங்களோடு இணைந்து நூலகங்களுக்கு உதவி நல்கி வருகிறது.

ஆண்டுதோறும் தரம் பிரிப்பதில் ஒரு நன்மையும் ஓர் இடரும் உள்ளன. நூலகம் உறங்கிவிடாமல் காப்பது நன்மை. புள்ளிகளுக்காகவே பதிவேடு நிரப்பும் பழக்கம் தோன்றக்கூடும் என்பது இடர். நூறு பேர் நூல் எடுத்ததாகக் குறித்துவிடுவது எளிது. நூறு பேரைப் படிக்கச் செய்வது அரிது. விருதுக்குழு பதிவேட்டோடு நின்றுவிடாமல் படிப்பாளரையும் நேரிற் கண்டு கேட்பது இதனாலேயே இன்றியமையாததாகிறது.

5. மட்டாஞ்சேரியின் கருவூலங்கள்

இனி அருங்காட்சியகங்களை நோக்குவோம். மட்டாஞ்சேரி பல மொழியினரும் பல சமயத்தவரும் நெடுங்காலமாகச் சேர்ந்து வாழும் இடம். மலையாளிகளோடு கொங்கணியர், குசராத்தியர், கச்சி முசுலிம்கள், தமிழர் எனப் பலரும் இங்கும் அருகிலும் குடியேறினர். ஃபோர்ட் கொச்சியின் வெளி என்னும் பகுதியில் உள்ள சலவைத்துறையில் இன்றும் துணி வெளுப்போர் தமிழ் வண்ணார் குடியினரே. டச்சுக்காரர் காலத்தில் இவர்தம் முன்னோர் இங்கு அழைத்து வரப்பட்டனர் என்பது வழிவழிச் செய்தி.

இவ்வூரின் பெயர்பெற்ற அருங்காட்சியகம் மட்டாஞ்சேரி அரண்மனை. பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் இதனைக் கட்டிக் கொச்சி மன்னர் வீரகேரள வர்மருக்கு அளித்தனர். 1663-இல் கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக்காரர் இதனைச் செப்பனிட்டனர். அதனால் இதற்கு டச்சு அரண்மனை என்னும் பெயரும் வழங்கலாயிற்று. கட்டியவர் ஐரோப்பியர், ஆயினும் நடுவே முற்றம் அமைந்த நாலுகெட்டு வடிவமும், முற்றத்தில் பழையன்னூர்ப் பகவதி கோயிலும் கேரள மரபின. சுவர்களில் இராமாயணக் காட்சிகள் ஓவியமாகத் தீட்டப்பட்டுள்ளன. இப்போது இந்தியத் தொல்லியல் துறை இதனைப் பாதுகாக்கிறது.

அரண்மனைக்கு அருகே பரதேசி யூதர் தொழுகைக்கூடம் உள்ளது. இது 1568-இல் கட்டப்பட்டது. சீனத்து நீலவண்ண ஓடுகள் பதித்த தரையும் 1760-இல் எழுப்பிய மணிக்கூண்டும் இதன் சிறப்புகள். தமிழ் பயிலும் நமக்கு இங்கு மற்றொரு செய்தியும் உண்டு. சேரமன்னர் பாசுகர இரவி, யூதத் தலைவர் யோசேப்பு இரப்பான் என்பவருக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் உரிமைகள் வழங்கிய செப்பேடுகள் இத்தொழுகைக்கூடத்தில் காக்கப்பட்டு வந்தன. அச்செப்பேடுகள் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டவை. தமிழ் எழுதப்பட்ட பழைய எழுத்து வடிவங்களுள் வட்டெழுத்தும் ஒன்று. தொலைவிலிருந்து வந்தவர்க்கு இந்நாட்டு மன்னர், இந்நாட்டு எழுத்தில், உரிமை எழுதித் தந்தார் என்பது எண்ணி மகிழத்தக்கது.

6. பொருள் பிழைத்தது, வீடு இடிந்தது

மட்டாஞ்சேரியில் கடவும்பாகம் என்னும் பெயருடைய வேறொரு யூதத் தொழுகைக்கூடமும் இருந்தது. 1948-க்குப் பின் கொச்சி யூதருட் பெரும்பாலோர் இசுரேலில் குடியேறினர். தொழுவதற்கு ஆளில்லாத கூடம் கிடங்காகப் பயன்பட்டது. மரவேலைப்பாடு மிக்க அதன் உள்ளமைப்பு பின்னர்ப் பிரித்தெடுக்கப்பட்டு, எருசலேமில் உள்ள இசுரேல் அருங்காட்சியகத்திற்குச் சென்றது. அங்கே அது செப்பமுறச் சீரமைக்கப்பட்டு இன்றும் உலகோரால் காணப்படுகிறது. மட்டாஞ்சேரியில் எஞ்சிய கட்டடமோ பேணுவாரின்றி நின்றது. 2019-ஆம் ஆண்டு மழையில் அதன் ஒரு பகுதி இடிந்து வீழ்ந்தது.

இதில் யார்மீது குறை சொல்வது என்று உடனே முடிவு செய்தல் பொருந்தாது. எருசலேமுக்குச் செல்லாதிருந்தால் அம்மரவேலையும் மழையில் அழிந்திருக்கலாம். அங்கு வாழும் கொச்சி யூதர் தம் முன்னோரின் தொழுகைக்கூடத்தைத் தம் பிள்ளைகளுக்குக் காட்ட முடிகிறது. ஆயினும் அக்கூடத்தின் அண்டை வீட்டாராக வாழ்ந்த மட்டாஞ்சேரி மக்களின் பிள்ளைகள், தம் தெருவில் இருந்த ஒன்றைக் காண இனிக் கடல் கடந்து செல்ல வேண்டும். பொருளைக் காப்பது ஒரு கடமை. அப்பொருளுக்கும் ஊருக்கும் உள்ள உறவைக் காப்பது இன்னொரு கடமை. முதற்கடமை நிறைவேறிய இடத்திலும் இரண்டாங்கடமை தவறிப்போகக்கூடும் என்பதற்கு இக்கூடம் சான்று.

எறணாகுளம் மாவட்டத்திலேயே இதற்கு மாறான எடுத்துக்காட்டும் உண்டு. பறவூரிலும் சேந்தமங்கலத்திலும் இருந்த யூதத் தொழுகைக்கூடங்கள் சீரமைக்கப்பட்டு, அங்கேயே அருங்காட்சியகங்களாக இயங்குகின்றன. கேரள அரசின் முசிறி மரபுத் திட்டத்தில் அவை இடம்பெற்றுள்ளன. தொழுவோர் சென்றுவிட்டனர், ஆயினும் அவர்தம் கதையைச் சொல்லும் கூடம் அவர் வாழ்ந்த இடத்திலேயே நிற்கிறது. பள்ளி மாணவர் அங்குச் சென்று, தம் ஊரில் இவ்வாறும் ஒரு குடியினர் வாழ்ந்தனர் என்று அறிகின்றனர்.

மட்டாஞ்சேரியில் பழைய கிடங்குகளுக்குப் புதுவாழ்வு தந்த நிகழ்வு ஒன்றும் உள்ளது. 2012-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் தொடங்கிய கொச்சி-முசிறிசு இருநிலையாண்டுக் கலைவிழா, ஃபோர்ட் கொச்சியிலும் மட்டாஞ்சேரியிலும் உள்ள நறுமணப் பொருள் கிடங்குகளைக் கலைக்கூடங்களாக்கியது. மிளகும் இஞ்சியும் குவிந்திருந்த அறைகளில் ஓவியங்களும் சிற்பங்களும் வைக்கப்பட்டன. பள்ளிச் சிறுவர்க்கெனத் தனிக் கலைத்திட்டமும் அவ்விழாவோடு இணைந்து நடைபெறுகிறது.

7. இந்தியாவின் பிற சான்றுகள்

மும்பையின் சத்திரபதி சிவாசி மகாராசு அருங்காட்சியகம் 2015-இல் சக்கரங்களின்மேல் அருங்காட்சியகம் என்னும் பேருந்துத் திட்டத்தைத் தொடங்கியது. குளிரூட்டப்பட்ட பேருந்தில் காட்சிப் பொருள்களை அமைத்துப் பள்ளிகளுக்கும் சிற்றூர்களுக்கும் அது செல்கிறது. மன்னார்குடி மாட்டுவண்டியின் வழித்தோன்றல் இது எனலாம். அவ்வருங்காட்சியகத்தின் கட்டடச் சீரமைப்பிற்கு 2022-இல் யுனெசுகோவின் ஆசிய-பசிபிக் பண்பாட்டு மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. மறு ஆண்டு மும்பையின் தேவிது சசூன் நூலகமும் அவ்விருதுகளுள் ஒன்றைப் பெற்றது. சென்னையில் 2010-இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பார்வைத்திறன் குறைந்தோர்க்கெனப் பிரெய்லி நூற்பிரிவு அமைந்துள்ளது. படிக்க இயலாதவர் என்று நாம் கருதும் ஒருவருக்கு வழி திறப்பதே நூலகப் பணியின் உச்சம்.

8. விருது செய்வதும் செய்யாததும்

விருதினால் மூன்று நன்மைகள் விளைகின்றன. முதலாவதாக, வெளியுலகம் அறியாத நல்ல பணி ஒளி பெறுகிறது. இரண்டாவதாக, பிற நிறுவனங்கள் அதனைக் கண்டு கற்கின்றன. மூன்றாவதாக, ஊரார் தம் நூலகத்தைப் பெருமையோடு நோக்குகின்றனர். அதனை மூடவோ புறக்கணிக்கவோ முற்படுவார்க்கு எதிராகப் பேச அவர்க்கு ஒரு சான்று கிடைக்கிறது.

விருது செய்ய இயலாததும் உண்டு. விண்ணப்பம் எழுதும் திறனும் ஆளும் உள்ள நிறுவனமே பெரும்பாலும் நடுவர் கண்ணில் படுகிறது. ஒரே ஒருவர் பணிபுரியும் சிறு வாசகசாலைக்கு விண்ணப்பம் எழுத நேரமிராது. விருது பெறாமையால் அதன் பணி குறைந்ததாகிவிடாது. 2018-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் கேரளத்தின் பல நூல்நிலையங்கள் தம் நூல்களை இழந்தன. நீர் வடிந்தபின் சேற்றைக் கழுவி மீண்டும் அடுக்குகளை நிமிர்த்திய தொண்டர்களின் பெயர்கள் எப்பட்டியலிலும் இல்லை. ஆயினும் அந்நூல்நிலையங்கள் திறந்தன.

நூலகத்திற்கும் அருங்காட்சியகத்திற்கும் நாம் அன்றாடம் அளிக்கும் விருது ஒன்று உண்டு. அது நாம் அங்குச் செல்வதே ஆகும். உறுப்பினராகச் சேர்ந்து நூல் எடுக்கும் ஒவ்வொரு மாணவரும் அந்நூலகத்தின் பதிவேட்டில் உண்மையான ஓர் எண்ணாகிறார். கொச்சியில் தமிழ் பயிலும் நீங்கள் உங்கள் பகுதி நூலகத்தில் தமிழ் நூல்கள் உள்ளனவா என்று கேளுங்கள். கேட்பார் இருந்தால் அன்றோ வாங்குவார் இருப்பர்? இன்று ஒருவர் கேட்டு வாங்கிய நூல், நாளை பணிமாறுதலாகி இந்நகருக்கு வரும் மற்றொரு தமிழ்ச் சிறுவருக்குக் காத்திருக்கும்.

அருஞ்சொற்பொருள்

அளவுகோல் – அளந்து மதிப்பிட உதவும் அடிப்படை
கருவூலம் – செல்வம் காக்கும் இடம்
செப்பேடு – செம்புத் தகட்டில் பொறித்த ஆவணம்
திவான் – அரசின் தலைமை அமைச்சர்
நலிவு – மெலிவு, தளர்ச்சி
நாலுகெட்டு – நடுமுற்றத்தைச் சுற்றி நான்கு பகுதிகளாக அமைந்த வீடு
பேராளர் – ஓர் அமைப்பின் சார்பில் வருபவர்
வட்டெழுத்து – பழந்தமிழ் எழுத்து வடிவங்களுள் ஒன்று
வரையறை – ஒன்றன் பொருளைத் தெளிவுற எல்லைப்படுத்திக் கூறுவது

பயிற்சி

அ. ஓரிரு சொற்களில் விடை எழுதுக.
1. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் யார்?
2. திருவிதாங்கூர் கிரந்தசாலைச் சங்கம் எவ்வூரில் தொடங்கப்பட்டது?
3. யோசேப்பு இரப்பானுக்கு அளித்த செப்பேடுகள் எவ்வெழுத்தில் அமைந்துள்ளன?
4. கடவும்பாகம் தொழுகைக்கூடத்தின் உள்ளமைப்பு இன்று எங்குள்ளது?

ஆ. பிரித்து எழுதுக.
நூலகம், அருங்காட்சியகம், செப்பேடு, பெருவெள்ளம், வட்டெழுத்து

இ. ஐந்து வரிகளில் விடை எழுதுக.
1. கேரள கிரந்தசாலைச் சங்கம் குரூப்சுகாயா விருது பெற்றதன் காரணம் யாது?
2. நூலக வரி செலுத்துவதால் ஊரார்க்கு நூலகத்தின்மீது உண்டாகும் உரிமை எது?
3. நூலகங்களைப் புள்ளியிட்டுத் தரம் பிரிப்பதன் நன்மையையும் இடரையும் கூறுக.

ஈ. சிந்தித்து விரிவாக எழுதுக.
கடவும்பாகம் தொழுகைக்கூடத்தின் உள்ளமைப்பை வெளிநாட்டு அருங்காட்சியகத்திற்குக் கொண்டு சென்றது சரியே என ஒரு சாராரும், மட்டாஞ்சேரியிலேயே காத்திருத்தல் வேண்டும் என மற்றொரு சாராரும் வாதிடுவதாகக் கொள்க. இருசாராரின் கருத்துகளையும் எழுதி, உம் முடிவைக் காரணத்தோடு நிறுவுக.

உ. செயல்திட்டம்
உங்கள் பகுதியிலுள்ள நூலகம் ஒன்றிற்குச் செல்க. அங்கு வரும் மூவரிடம் அந்நூலகத்தால் அவர்கள் பெற்ற பயனைக் கேட்டறிக. அவர்தம் பெயரைக் குறிப்பிடாமல், அந்நூலகத்தை ஊர்ப்பணி விருதிற்குப் பரிந்துரைக்கும் கடிதம் ஒன்றினை வரைக.